வேர்த்தொட்டியில் கூலி

தொட்டித் தண்ணீர் உடம்புச் சூட்டிலேயே இருந்தது. தன் கால் எங்கே முடிகிறது, தண்ணீர் எங்கே தொடங்குகிறது என்று கொம்பையாவுக்குப் பிடிபடவில்லை. எதிர்ப்பக்கம் தென்னாப்பிரிக்காவின் டர்பனிலிருந்து வந்த பிரபாஷினி மிதந்தாள். இருவர் தலையிலும் கடல்பாசி போல ஈரமான வலைத்தொப்பி.

"பயமா இருக்கா அண்ணாச்சி?"

அவள் பேசியது அவள் ஊர் ஆங்கிலம். கொம்பையாவின் காதிலிருந்த செவிப்பூ அதைத் தூத்துக்குடித் தமிழாக்கித் தந்தது.

"பயம் என்ன பயம். ஹார்பர்ல மூட்டை தூக்கியே தேஞ்சவன் நான். சும்மா படுத்துக் கெடக்கதுக்குக் கூப்பிட்டுச் சோறு போடுதானுவ. அதான் கூச்சமா இருக்கு."

அவள் சிரித்ததில் தண்ணீர் ஆடியது.

செவிப்பூ வந்த பிறகு யார் பேச்சும் யாருக்கும் புரியாமல் போவதில்லை. அதே பூவைக்கொண்டு ஒரு சொல்லை உலகம் முழுக்க ஊமையாக்கவும் முடிந்தது. மனிதரை நோகடிக்கும் சொற்களைச் சொல்மன்றம் ஒவ்வொன்றாக அழித்து வந்தது. அழித்த சொல்லை யார் சொன்னாலும் கேட்பவர் காதில் வெறும் காற்றுதான் விழும். பழைய ஒலிப்பதிவுகளிலும் அந்த இடம் பொத்தலாகிவிடும்.

அழிக்கும் முன், அந்தச் சொல் எந்தெந்த வாய் வழியாக வந்தது என்று பார்க்க வேண்டும். அதற்குத்தான் வேர்த்தொட்டி. அந்தச் சொல்லோடு வாழ்ந்த இருவர் மூழ்கிக் கனவு காண்பார்கள். கனவு சுவரில் ஓடும். மன்றத்தார் நாற்காலியில் அமர்ந்து பார்ப்பார்கள். அவர்கள் யாரும் தொட்டியில் இறங்கியதில்லை. எழுந்தால் உடம்பு அப்படி வலிக்கும். முடிவில் 'அழியட்டும்', 'வாழட்டும்' என்ற இரண்டு தட்டுகளில் ஒன்றில் மூழ்கிய இருவரும் வைக்கும் கைரேகைதான் தீர்ப்பு.

இன்றைக்கு எடுத்த சொல், கூலி.

"என் மகளைப் பள்ளிக்கூடத்துல அதைச் சொல்லித்தான் கூப்பிடுதாவ," என்றாள் பிரபாஷினி. "எங்க பூட்டன் காலத்துலேருந்து அப்படித்தான். கப்பலேத்திக் கொண்டுவந்த கரும்புக் காட்டுல அவருக்கு வேற பேரே கெடையாது. இது ஒழிஞ்சாத்தான் எனக்கு உறக்கம் வரும்."

"எங்க ஊர்ல அது வசவு இல்ல தாயி. பாடுபட்டதுக்குக் கையில வாங்குறது." கொம்பையா சற்று நிறுத்தினார். "என் பொஞ்சாதி உப்பளத்துல வேலை பாத்தா. போய்ச் சேந்துட்டா. அவ குரல்ல ஒரே ஒரு பேச்சுதான் பதிஞ்சு எங்கிட்ட இருக்கு. 'கூலி வாங்கியாச்சு, உலையை வையும்'னு. அதுல பொத்தல் விழுந்தா அப்புறம் என்ன இருக்கு?"

"அப்போ நமக்குள்ள ஒத்துவராது."

"வராது. முங்கிட்டு வந்து சண்டை போட்டுக்கிடுவோம்."

"மூழ்குநர்கள் இருவரும் கண்களை மூடிக்கொள்ளலாம்," என்றார் மேலேயிருந்து ஆதிரைச்செல்வன். மன்றத் தலைவர். பட்டுத்துணி போன்ற குரல்.

தொட்டி அவர்களை ஒரே இழுப்பில் அடிக்குக் கொண்டுபோய், அங்கிருந்து மெல்ல மேலே விட்டது.

அடியில் சொல்லே இல்லை. யாரோ ஒருவன் ஒரு மரத்தின் ஒரு முனையைத் தூக்கிக்கொண்டு மறுமுனையைப் பார்த்தபடி நின்றான். இன்னொருவன் வந்து பிடித்தான். அவ்வளவுதான்.

பிறகு வரப்பு வந்தது. பெண்கள் மடியை விரித்து நின்றார்கள். நெல் விழ விழ, சொல் அவர்கள் மடியில் வெதுவெதுப்பாக உட்கார்ந்தது. அதற்குள் உப்புக்காற்று அடித்தது. குஜராத்துக் கரையில் படகு வலித்தவர்கள் தங்களைக் கோலி என்று நிமிர்ந்து சொன்னார்கள். அது அவர்கள் குலப்பெயர். நெல்லா, படகா, எது முந்தி என்று தொட்டி சொல்லவில்லை. தண்ணீருக்குள் தண்ணீர் கலந்தது போலக் கலந்துவிட்டது. துருக்கி மொழியில் அடிமையைக் குறிக்கும் குல் என்ற சொல்லின் நிழலும் எங்கிருந்தோ வந்து ஒட்டிக்கொண்டது. கப்பலின் அடித்தளத்தில் ஒரு சீனன் அதையே தன் மொழியில் இரண்டு எழுத்தாக வரைந்தான். முதல் எழுத்து கசப்பு, அடுத்தது வலிமை. ரயிலடியில் சிவப்புச் சட்டை போட்ட சுமைதூக்கிகளின் கையில் அது பித்தளை வில்லையாக மின்னியது.

அவர்கள் சுமந்த எல்லா மூட்டைகளும் கொம்பையாவின் தோளில்தான் ஏறின. கனவில் அவை மேகம் மாதிரி அசைந்தன. ஆனால் தோள் தன்பாட்டுக்குக் கடுத்தது.

கரும்புத் தோகை சரசரத்தது. ஒருவன் அந்தச் சொல்லை எறிந்தான். கழுத்து மெலிந்த ஒரு மனிதர் திரும்பிப் பார்த்தார். வேறு பெயர் இல்லாததால் திரும்பிப் பார்த்தார். பிரபாஷினி தண்ணீருக்குள்ளேயே அழுதாள்.

இத்தோடு முடிந்தது என்று நினைத்தார்கள். கனவு நிற்கவில்லை. வெள்ளைச் சுவர், வரிசையாக நாற்காலிகள், நடுவில் ஒரு தொட்டி. இதே கூடம், இன்று காலை. ஆதிரைச்செல்வன் தேநீர்க் கோப்பையோடு யாரிடமோ கேட்கிறார்:

"அந்தக் கூலிங்க ரெண்டும் வந்தாச்சா? குளிச்சிட்டு இறங்கச் சொல்லுங்க."

பக்கத்தில் இருந்தவர்கள் சிரிக்கக்கூட இல்லை. சிரிக்கிற அளவுக்கு அதில் புதிதாக ஒன்றும் இல்லை.

இருவரும் கண் விழித்தார்கள். ஆதிரைச்செல்வன் எழுந்து நின்றிருந்தார்.

"இதைவிடச் சான்று வேண்டியதில்லை. எவ்வளவு மோசமான சொல் என்று எல்லோரும் பார்த்தோம். உடனே அழித்துவிடலாம். இருவரும் ரேகை வையுங்கள்."

கொம்பையா தொட்டி விளிம்பைப் பிடித்து எழுந்தார். கரும்புக் காட்டு மனிதரின் கழுத்து கண்ணைவிட்டுப் போகவில்லை.

"வச்சிரு தாயி. நானும் வைக்கேன். ஒரு குரலு போனாப் போவுது."

பிரபாஷினி நகரவில்லை.

"அழிச்சா காலையில இவரு சொன்னதும் சேந்துல்லா அழியும் அண்ணாச்சி? எங்க பூட்டன் திரும்பிப் பாத்தது மட்டும் மிஞ்சும். ஏன் பாத்தாருன்னு எவனுக்கும் தெரியாது."

"உன் மக?"

"அவளுக்கு நாந்தான் எடுத்துச் சொல்லணும். வலிக்கும். என்ன செய்ய."

'வாழட்டும்' என்ற தட்டில் அவள் விரலை வைத்தாள். கொம்பையா அவளைப் பார்த்தார். பிறகு தானும் வைத்தார்.

"மன்றம் இதை மறுக்கிறது," என்றார் ஆதிரைச்செல்வன். பட்டு கொஞ்சம் கிழிந்திருந்தது.

கனவு ஓடிய சுவரே பேசியது. "மறுப்பவர் தாமே மூழ்கிப் பார்த்த பின்புதான் மறுக்கலாம். மன்ற விதி."

மன்றமே எழுதிய விதி. இதுவரை யாருக்கும் தேவைப்பட்டதில்லை. அவர் மற்ற நாற்காலிகளைத் திரும்பிப் பார்த்தார். அங்கே எல்லோரும் தத்தம் கோப்பைக்குள் எதையோ தேடிக்கொண்டிருந்தார்கள். அவர் குனிந்து காலணியைக் கழற்றினார். தொட்டியின் ஓரத்தில் வந்து தயங்கினார்.

"ரொம்ப வலிக்குமா?" என்று கேட்டார், கொம்பையாவுக்கு மட்டும் கேட்கும்படி.

வேட்டியைப் பிழிந்துகொண்டிருந்த கொம்பையா நிமிர்ந்தார்.

"எங்களுக்குத் தோளு வலிக்கும். ஒங்களுக்கு எங்க வலிக்கும்னு எறங்கினாத்தான் சார் தெரியும்."