இருநூற்று இருபத்தைந்து சென்ட்

பட்டியலில் நாலாவது பெயர் வேணி. அதைப் பார்த்ததிலிருந்து அவள் கால் தரையில் நிற்கவில்லை.

பெரம்பலூரில் சனிக்கிழமைதோறும் சிறப்புக் கணக்கு வகுப்பு தொடங்கப் போகிறது. பூலாம்பாடிக்குப் பக்கத்தில் இருக்கும் வேணியின் பள்ளியிலிருந்து நாலு பேர் மட்டும் போகலாம். அதற்காக மலர்கொடி டீச்சர் ஏழாம் வகுப்புக்கு இருபது மதிப்பெண்ணில் ஒரு தேர்வு வைத்தார். வேணிக்குப் பதினேழு. ஐந்தாவதாக வந்த கலையரசிக்குப் பதினாறு. ஒரே ஒரு மதிப்பெண்ணில் கலையரசிக்கு இடம் போய்விட்டது.

வேணியின் அப்பா வீரமுத்து அன்று மாலைக்குள் டீக்கடையிலும் பால் ஊற்றும் இடத்திலும் சேதியைச் சொல்லி முடித்திருந்தார். பஸ் கண்டக்டரைக்கூட விட்டுவைக்கவில்லை. அடுத்து மாட்டியவர் உழவு ஓட்ட வந்த டிராக்டர் டிரைவர்.

"எவ்வளவுண்ணே ஓட்டணும்?" என்று டிரைவர் கேட்டார்.

"ஒண்ணேகால் ஏக்கரு. நூத்தி இருபத்தஞ்சு சென்ட்டும் ஒரே துண்டுதான், நடுவுல வரப்பு இல்ல. அது கெடக்கட்டும், எங்க வேணி கணக்குல..."

டிரைவருக்குத் தண்ணீர் கொண்டுவந்த வேணி அப்படியே நின்றாள்.

"அப்பா, ஒரு ஏக்கருக்கு எத்தன சென்ட்?"

"நூறு. இதுகூடத் தெரியாமயா உன்ன பெரம்பலூருக்கு அனுப்புறாங்க?" என்று அப்பா சிரித்தார்.

வேணிக்குச் சிரிப்பு வரவில்லை. தேர்வு முடிந்ததும், "பேப்பர மாத்திக்குங்க" என்றுதான் மலர்கொடி டீச்சர் எப்போதும் சொல்வார். விடைகளைக் கரும்பலகையில் எழுதிப் போடுவார். பக்கத்தில் இருப்பவர் தாளை வாங்கித் திருத்த வேண்டும். இந்தத் தேர்வில் கலையரசியின் தாள் வேணியிடம் வந்தது.

கடைசிக் கணக்குக்கு மட்டும் இரண்டு மதிப்பெண். மூன்று ஏக்கர் நிலத்தில் முக்கால் பங்கு பருத்தி போட்டால், பருத்தி எவ்வளவு நிலத்தில் இருக்கும்? கரும்பலகையில் 2¼ ஏக்கர் என்று இருந்தது. கலையரசி எழுதியிருந்தது 225 சென்ட். பலகையில் இல்லாத விடை என்று வேணி ஒரு பெருக்கல் குறியைப் போட்டுவிட்டாள்.

இப்போது மனதுக்குள் பெருக்கிப் பார்த்தாள். இரண்டேகால் ஏக்கர் என்றால் இருநூற்று இருபத்தைந்து சென்ட். இரண்டும் ஒன்றுதான். அப்படியானால் கலையரசிக்குப் பதினெட்டு. பெரம்பலூருக்குப் போக வேண்டியவள் அவள்தான்.

அன்று சோறு இறங்கவில்லை. யாருக்கும் தெரியாது, பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு பக்கம் தோன்றியது. தனக்குத் தெரியுமே என்று இன்னொரு பக்கம் உறுத்தியது.

மறுநாள் காலை பள்ளிக் குழாயடியில் கலையரசியைப் பிடித்தாள்.

"கடைசிக் கணக்குக்கு ஏன் சென்ட்ல எழுதுன?"

"எங்களுக்கு இருக்கறதே வூட்டு மனை மூணு சென்ட்தான். எங்க வூட்டுல ஏக்கர்னு யாரு பேசுறா?"

"உன் விடை சரிதான், புள்ள. நான்தான் தப்புப் போட்டுட்டேன். நீ ஏன் டீச்சர்ட்ட கேக்கல?"

கலையரசி தண்ணீர் பிடித்த பாட்டிலை மூடினாள். "போர்டுல ஏக்கர்னு இருந்துச்சு. அப்படித்தான் எழுதணும்போலன்னு நெனச்சேன். இடம் கெடைக்கலன்னு சண்டைக்கு வர்றாம்பாங்க, அதான் பேசாம இருந்துட்டேன்."

வேணி ஆசிரியர் அறைக்கு நடந்தாள். வாசல் வரை போய் இரண்டு தடவை திரும்பினாள். அந்த வகுப்புக்குப் போக அவளுக்கு அவ்வளவு ஆசை. மூன்றாவது தடவை உள்ளே போய், நடந்ததை ஒரே மூச்சில் சொல்லிவிட்டாள்.

"கலையரசி மாதிரி வேற யாராச்சும் சென்ட்ல எழுதியிருந்தா அவங்களுக்கும் தப்புதான் போட்டிருப்பாங்க. எல்லார் பேப்பரையும் நீங்களே ஒரு தடவ பாருங்க டீச்சர்."

டீச்சர் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"ஒரு விடைய மட்டும் எழுதிப் போட்டுட்டு, திருத்துற வேலைய உங்க தலையில கட்டுனது நான். இந்தத் தப்புல முக்கால் பங்கு என்னோடது."

"மீதி கால் பங்கு என்னோடதா டீச்சர்?"

"அத நீ வந்து சொன்னப்பவே கழிச்சாச்சு."

அன்றே எல்லாத் தாள்களையும் டீச்சரே திருத்தினார். கலையரசிக்குப் பதினெட்டு. இளவரசனும் சென்ட்டில் எழுதியிருந்தான். அவனுடைய ஒன்பது பதினொன்றாக ஏறியது. வகுப்பிலேயே அதிகமாகச் சந்தோஷப்பட்டவன் அவன்தான். இனிமேல் தேர்வுத் தாள்களை மாற்றிக்கொள்ள வேண்டாம் என்றும் டீச்சர் சொல்லிவிட்டார்.

புதுப் பட்டியலில் நாலாவது பெயர் கலையரசி. வேணிக்கு அழுகை வரும்போல இருந்தது, ஆனால் வரவில்லை. நேற்றிலிருந்து நெஞ்சில் இருந்த பாரம் போய்விட்டது. மதியம் சத்துணவில் இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

அப்பாவிடம் சொல்வதுதான் பெரிய வேலையாக இருந்தது. அவர் முழுவதையும் கேட்டார்.

"சரி, விடு. டீக்கடைக்கும் டிரைவருக்கும் நானே சொல்லிக்கிறேன்" என்றார். கொஞ்சம் யோசித்து, "அந்தக் கண்டக்டர்தான் லேசுல விடமாட்டாரு" என்றும் சொன்னார்.

திங்கட்கிழமை மதியம் கலையரசி ஒரு நோட்டோடு வந்து வேணியின் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"பெரம்பலூர்ல குடுத்த கணக்கு. மண்டைய ஒடைக்குது, நீயும் போடு. விடைய நான் கையால மறைச்சு வச்சிருக்கேன்."

ஒரு தோட்டத்தின் பரப்பைக் கண்டுபிடிக்கும் கணக்கு அது. வேணி தன் நோட்டில் இரண்டு தடவை அழித்து அழித்துப் போட்டாள். கடைசியில் விடையை எழுதி நோட்டை நீட்டினாள்: 150 சென்ட்.

கலையரசி தன் நோட்டிலிருந்து கையை எடுத்தாள். அங்கே ஒன்றரை ஏக்கர் என்று எழுதியிருந்தது. இரண்டையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு சிவப்புப் பேனாவைத் திறந்து, பக்கம் முழுவதும் அடைக்கிற மாதிரி பெரிதாக ஒரு 'டிக்' போட்டாள்.