இல்லாத நோயாளியின் குறிப்பேடு

ஐந்தரைக்கு எழுந்தான். பல் தேய்த்தான். இஸ்திரி போடாத சட்டையை மாட்டிக்கொண்டு, நின்றபடியே இரண்டு துண்டு ரொட்டி தின்றுவிட்டு, வீட்டைப் பூட்டினான். ஏழு மணிக்கு ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில், கம்ப்யூட்டர் அறையில், தன் நாற்காலியில் இருந்தான். மனைவி செத்துப் பதினோரு மாதமாக இதே காலைதான்.

திரையில் சிவப்பாக ஒரு வரி. இல்லாத நோயாளிக்கு யாரோ காய்ச்சல் பார்த்திருந்தார்கள்.

அந்த நோயாளி அவன் வைத்த பொறி. நெட்வொர்க்குக்குள் புகுந்து நோயாளிகளின் விவரங்களைத் திருடுபவன் எந்த வழியாக வருவான் என்று தெரியாததால், நிஜக் குறிப்பேடுகளுக்கு நடுவே பொய்யாக ஒன்றைச் செருகியிருந்தான். டாக்டரோ நர்ஸோ அதைத் தொடக் காரணமே இல்லை, தொட்டால் திருடன். பொய் நம்பும்படி இருக்க வேண்டுமே என்று, இதே கட்டடத்தில் கிடந்த மனைவியின் காய்ச்சல், நாடி, மருந்து எல்லாவற்றையும் பெயர் மாற்றி ஏற்றினான். கடைசி நாளை மட்டும் ஏற்றக் கை வரவில்லை.

இப்போது அந்த நாள் ஏறிக்கொண்டிருந்தது. நிமிடத்துக்கு ஒரு வரி.

"என்னடா, உன் ஆளுக்குக் காய்ச்சலா? பழம் வாங்கிட்டுப் போய்ப் பாத்துட்டு வா" என்றான் பக்கத்து நாற்காலிக்காரன். வழுக்கையை மறைக்க எப்போதும் தொப்பி போடுவான், பெயரும் தொப்பிதான்.

"அது என் பொண்டாட்டியோட காய்ச்சல் நம்பருடா."

தொப்பியின் சிரிப்பு நின்றது. "பாவி. அதையா போட்டு வச்சே?"

"கடைசி நாளை நான் ஏத்தவே இல்ல. வெளியேர்ந்து யாரும் வரல. உள்ளேர்ந்துதான் எழுதுறாங்க."

"அவளோட நிஜ ஃபைலைப் பாத்து காப்பி அடிக்கிறான், அவ்வளவுதான். உன்னை ஆட்டிப் பாக்குறான். நெட்வொர்க் வயரைப் பிடுங்கு. மேல இருபது பேர் மெஷின்ல மூச்சு விடுறாங்க, அங்க தாவினான்னா தொலைஞ்சோம்." சொல்லிக்கொண்டே மாடிக்கு ஓடினான்.

தனியாக நின்றவன் வயரைப் பிடித்தான். பிடுங்கவில்லை. மின்விசிறிகளின் முனகலுக்கு அடியில் யாரோ சளி கட்டிய நெஞ்சோடு மூச்சிழுப்பது போல ஒரு கரகரப்பு கேட்டது; மாடி வார்டில் மட்டும் அடிக்கும் ஸ்பிரிட் வாடை, ஜன்னலே இல்லாத அந்த அறையில் மெல்ல மெல்லப் பரவி அவன் நாக்குவரை வந்தது.

திரையில் அந்த நாளின் பகல் ஒன்று: நாடி நூற்று முப்பது. அவனுக்கு நினைவிருந்தபடியே சரியாக இருந்தது.

ஒன்றரை. அதுவும் சரி.

அவள் செத்த அன்று இரண்டு மணிக்குத்தான், அவன் மாடியில் அவள் பக்கத்தில் இருந்தபோது, கீழிருந்து போன் வந்தது. நெட்வொர்க் படுத்துவிட்டது, உடனே வா. அவள் ஏதோ சொன்னாள். மருந்து மயக்கம் என்று சிரித்து, கையை விடுவித்துக்கொண்டு இறங்கினான். நாற்பது நிமிடத்தில் நெட்வொர்க்கைக் காப்பாற்றினான். பாராட்டுக் கடிதம் கொடுத்தார்கள். அப்போது அவள் அறையில் இருந்தது அவர்கள் இரண்டு பேர்தான். அவள் சொன்னது எந்த ஃபைலிலும் இல்லை. அவனும் யாரிடமும் சொன்னதில்லை.

வயரைப் பிடுங்கினான்.

பச்சை விளக்கு அணைந்தது.

வரி நிற்கவில்லை.

பகல் இரண்டு. நோயாளி சொன்னது.

முதுகுக்குப் பின்னால் மூச்சு. மூலையிலிருந்து. திரும்பவில்லை. திரும்ப முடியவில்லை.

எழுத்துகள் ஒவ்வொன்றாக விழுந்தன, அன்று அவள் சொன்ன அதே வார்த்தைகளாக.

"போகாதடா. அந்த மூலையில ஒருத்தி நிக்கிறா பாரு. அச்சு அசல் என்னை மாதிரியே இருக்கா."