மஞ்சள் இல்லாத கார்டு

காலை 9.40. கள்ளக்குறிச்சியில் அந்தத் தனியார் செவிலியர் கல்லூரியின் தாளாளர் அறைக்குள் எஸ்.ஐ. ஜெயசுதா நுழைந்தபோது, பணத்தைப் பறிகொடுத்தவள் குற்றவாளி மாதிரி நின்றிருந்தாள். தாளாளர் ஆதிமூலம்தான் பறிகொடுத்தவர் மாதிரி உட்கார்ந்திருந்தார்.

நின்றவள் சுபலட்சுமி, மலையில் கரியாலூர்க்காரி. அவளுடைய கல்வி உதவித்தொகை முழுவதையும் ஏடிஎம்மில் எவனோ வழித்துவிட்டான். இன்று மாலைக்குள் கட்டணம் கட்டாவிட்டால் நாளைய தேர்வுக்கு அனுமதிச்சீட்டு கிடையாது.

"கார்டை எப்படி பத்திரமா வெச்சிக்கணும்னு வகுப்பே எடுத்தோம் மேடம்," என்றார் ஆதிமூலம். "இது எவன்கிட்டயோ குடுத்திருக்கு. மலை ஜனத்துக்கு இன்னா சொன்னாலும் ஏறாது."

வகுப்பெடுத்தவர் பக்கத்திலேயே இருந்தார். தனசேகரன், 'நிதி விழிப்புணர்வுச் செம்மல்'. பட்டம் கொடுத்ததும் அவரே, சால்வை வாங்கியதும் அவரே.

"ரகசிய எண்ணை மறைச்சி அடின்னு படிச்சிப் படிச்சிச் சொன்னேங்க. போன வாரம் ஏடிஎம்முக்குக் கூட்டிக்கினு போயி, ஒவ்வொரு பொண்ணுக்கும் நானே ஃபைலைப் பிடிச்சி மறைச்சேன்."

"கார்டை மெஷின்ல போட்டது?"

"நான்தாங்க. பசங்களுக்குத் தலைகீழா போடத்தான் தெரியும்."

ஜெயசுதா திரும்பினாள். "மெசேஜ் வர்லியாம்மா?"

"அப்பா நம்பர் மேடம். எங்க ஊர்ல டவர் இல்ல. அவரு சந்தைக்கு எறங்கினப்பதான் வந்துச்சி."

"கார்டு?"

"என்னாண்டயேதான் இருக்குது."

பையைத் திறந்தாள். கால்குலேட்டரில் மஞ்சள் பொட்டு. பேனாவில் பொட்டு. ஸ்டெதாஸ்கோப்பிலும் பொட்டு. பெயர் அச்சிடாத வங்கிக் கார்டு மட்டும் பளிச்சென்று இருந்தது.

"பணம் எடுத்தது தியாகதுருகத்துல, செவ்வாய் காலை 11.20," என்றாள் ஜெயசுதா. "கேமராவுல முகக்கவசமும் தொப்பியும்தான். அன்னிக்கி இட ஒதுக்கீட்டு மறியல். காலைலேர்ந்து மதியம் வரைக்கும் ரோட்டுல சைக்கிள்கூட நகரல. இங்கேர்ந்து எவனும் அங்க போயிருக்க முடியாது."

"அதானே!" ஆதிமூலம் பெருமையோடு நிமிர்ந்தார். "சாரே தியாகதுருகத்துல மாட்டிக்கினு, மதியம்தான் வந்து வகுப்பெடுத்தாரு. கடமை வீரர்!"

கடமை வீரர் தண்ணீர் கேட்டார்.

"பர்ஸை மேசை மேல வைங்க."

"மேடம், நான் யாருன்னு..."

"வைய்யா!"

உள்ளே பெயரில்லாத ஏழு கார்டுகள். ஒன்றில், எண்களின் இடுக்கில் மஞ்சள் காய்ந்திருந்தது.

"புதுப்பொருள் எது வந்தாலும் இவங்க வூட்ல மஞ்சள் வெப்பாங்க," என்றாள் ஜெயசுதா. "நீ மெஷின்லேர்ந்து எடுத்துக் குடுத்தது செத்துப்போன வேற கார்டு. ஃபைலைப் பிடிச்சது மத்தவங்க பாக்காம இருக்க; உனக்கு நல்லாத் தெரிஞ்சிருக்கு. டவர் இல்லாத ஊருப் பசங்களாப் பாத்து எடுத்திருக்க. கார்டை ஏன்யா தூக்கிப் போடல? உதவித்தொகை அடுத்த தவணையும் வரட்டும்னா?"

செம்மலின் கண் கதவுப் பக்கம் போனது.

"கல்லூரிப் பேரு வெளிய வராம..." என்று ஆதிமூலம் குழைந்தார்.

"மொதல்ல இந்தப் பொண்ணுக்குச் சீட்டு."

கையெழுத்தானது. சீட்டை வாங்கிய சுபலட்சுமி நகரவில்லை. மேசை மீதிருந்த மற்ற கார்டுகளையே பார்த்தாள்.

"மேடம், இதே மாதிரி பணம் போன ஆறு பேரும் மலைக்கே போயிட்டாங்க. பணத்தைத் தொலைச்சதுங்கன்னு தாளாளர் சாரு திட்டினாரு. ஒருத்தி கரும்பு வெட்டப் போறா."

ஜெயசுதாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தனசேகரனை வாசலில் நின்ற காவலரிடம் தள்ளிவிட்டு, வெளியே போய் ஜீப் கதவைத் திறந்து பிடித்தாள்.

"ஏறுங்க, தாளாளர் சார். ஆறு சீட்டுலயும் கையெழுத்துப் போட்டு எடுத்துக்குங்க. ஒவ்வொரு வூட்டு வாசல்லயும் நின்னு நீங்களே கூப்பிடணும்."

"மலைப்பாதை எனக்கு ஒத்துக்காதுங்களே... வாந்தி வரும்."

"வரட்டும்."