வேண்டாம் என்று சொன்ன விருந்தாளி

ரொறன்ரோவின் அஜின்கோர்ட்டில் அந்தக் கடைத்தொகுதிக்கு வருகிற எவரும் குப்பைத் தொட்டிகள் இருக்கும் பின்பக்கப் படிக்கட்டால் ஏறுவதில்லை. லூ வெய்மின் யார் கண்ணிலும் படாமல் அந்தப் படிக்கட்டால்தான் ஏறி வந்தார். முன்பக்கத்தால் வந்திருந்தால் கீழே இருக்கும் சூசைதாசனின் ஸ்ரூடியோவைத் தாண்டி வந்திருப்பார். சனி, ஞாயிறுகளில் தான் எடுக்கிற கலியாணப் படங்களில் திறமான ஒன்றைக் கதவளவுக்குப் பெருப்பித்து, மாதத்துக்கு ஒன்றாகக் கண்ணாடிக்குள் தொங்கவிடுவது சூசைதாசனின் வழக்கம். பக்கத்துச் சீன பேக்கரிக்கு வருகிறவர்கள்கூட நின்று பார்த்துவிட்டுத்தான் போவார்கள். அதில் அவனுக்குத் தலைகால் தெரியாத பெருமை.

மற்ற நாட்களில் மேல்மாடியில் மரியரட்ணத்துக்கு அவன் உதவியாளன். மரியரட்ணம் கொழும்பில் பொலிஸ் இன்ஸ்பெக்டராக இருந்தவர். கனடாவுக்கு வந்தபின் தமிழ்ச் சட்டத்தரணிகளுக்காக விபத்து வழக்குகளை விசாரித்துக் கொடுத்தார். அவர் அதிகம் பேசமாட்டார். அந்தக் குறையை நிவர்த்தி செய்யத்தான் சூசைதாசன் இருந்தான்.

"என் நண்பர் காவ் சீன அரசின் உளவாளி," என்றார் லூ, கதிரையில் உட்காருமுன்பே, யன்னல் வழியாகத் தெருவைப் பார்த்துக்கொண்டு. "எனக்கு அது நிச்சயம். ஆனாலும் அச்சில் போடுமுன் வேறொருவர் வாயாலும் கேட்டுவிட வேண்டும் போலிருந்தது. இன்று மாலை இதழ் அச்சுக்குப் போகிறது."

மூவரும் ஆங்கிலத்தில் பேசினார்கள். மூவருக்கும் அது இரவல் மொழி என்பதால் எல்லோரும் நிதானமாகவே பேசினார்கள்.

லூ சீனாவில் ஒரு நகரப் பத்திரிகையின் ஆசிரியராக இருந்தவர். எண்பத்தொன்பதாம் ஆண்டு போராடிய மாணவர்களைப் பற்றி உள்ளதை உள்ளபடி அச்சிட்டதற்காக வேலையையும் பிறகு சுதந்திரத்தையும் இழந்தார். சிறையிலிருந்து வந்தபின் பேனையைத் தொட விடவில்லை. இப்போது நவரட்ணம் என்ற தமிழரின் வீட்டு நிலவறையில் வாடகைக்கு இருந்துகொண்டு, காவோடு சேர்ந்து ஒரு சிறு மாத இதழ் நடத்தினார்.

கோடை முடிகிற நேரம், அவருடைய பழைய சகபத்திரிகையாளர் ஷென் என்ற பெண் ஒரு வர்த்தகக் குழுவுக்கு மொழிபெயர்ப்பாளராக ரொறன்ரோ வந்தார். சிறைக்குள் இருக்கும் பத்திரிகையாளர்களின் நிலையை அவர் மனப்பாடமாகக் கொண்டு வந்திருந்தார். எங்கே சந்திப்பது? அந்த வாரம் நவரட்ணத்தின் மகள் நிலாணிக்குக் கலியாணம். ஐந்நூறு தமிழர் கூடுகிற மண்டபத்தில் இரண்டு சீனரை யார் தேடப் போகிறார்கள்? ஷென்னைக் காரில் கொண்டுவந்து இறக்கியது காவ். அவர் உள்ளே வரவில்லை, தரிப்பிடத்தில் காவலிருந்தார்.

"ஷென் ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் பிடித்துவிட்டார்கள். கணவரையும் விசாரித்தார்கள். அவர் வெளியே வந்து ஹொங்கொங்கில் இருக்கும் உறவினர் மூலம் சொல்லி அனுப்பினார். ஷென் என்னோடு ஒரே மேசையில் வாழையிலையில் சாப்பிட்டது அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது. திரும்பத் திரும்பக் கேட்ட கேள்வி ஒன்றுதான். உங்கள் மனைவியோடு இருந்த அந்தத் தலைப்பாகைக்காரர் எந்த நாட்டுப் பிரதிநிதி?"

சூசைதாசன் சிரித்துவிட்டான். "அது மாப்பிள்ளைத் தோழன், சேர். நிலாணியின் தம்பி பிரவீனன். எங்கள் வழக்கத்தில் தோழனுக்கும் தலைப்பாகை கட்டுவோம். நான்தானே அந்தக் கலியாணத்துக்குப் படம் பிடித்தேன்."

லூ அவனை உற்றுப் பார்த்தார். முகம் மலர்ந்தது. "ஆமாம், நீங்கள்தான். நான் வேண்டாம் என்று கையைக் காட்டியதும் கமராவை இறக்கினீர்கள். அன்றே நன்றி சொல்லியிருக்க வேண்டும்."

சூசைதாசன் தலையாட்டினான். அது முழுப் பொய்யும் இல்லை. கமராவை இறக்கியது உண்மைதான். ஆனால் உண்மை அதோடு முடியவில்லை. அதை அமுக்க, வழக்கத்தைவிட உரத்துப் பேசினான்.

"காவ்தான், அண்ணை," என்று மரியரட்ணத்திடம் தமிழில் சொன்னான். "மூண்டு பேருக்குத்தான் தெரியும். ஒருத்தி மறியலுக்குள்ள கிடக்கிறா. ஒருத்தர் இங்க இருக்கிறார். மிச்சம் ஆர்?"

மரியரட்ணம் அதைக் காதில் வாங்கியதாகத் தெரியவில்லை. லூவிடம் கேட்டார்: "ஷென் மண்டபத்துக்கு எப்படி வந்தார், யார் கூட்டி வந்தது என்று கேட்டார்களா?"

"இல்லை."

"நீங்கள் பேசியது பற்றி?"

"அதைப் பற்றி ஒன்றும் தெரியாதவர்கள் போலத்தான் கேட்டிருக்கிறார்கள்."

"காவ் சொல்லியிருந்தால் காரிலிருந்துதான் தொடங்கியிருப்பார்கள். அவருக்குக் காரைத் தெரியும், மேசையைத் தெரியாது. விசாரித்தவர்களுக்கோ மேசை தெரிகிறது, காரைத் தெரியவில்லை." மரியரட்ணம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சரி, மண்டபத்துக்குள் இருந்த ஒருவர் சொன்னார் என்று வைப்போம். அவருக்கு அந்தப் பையன் மணமகளின் தம்பி என்று தெரிந்திருக்கும். காலையிலிருந்து மேடையில் நின்றவன் அவன். பிரவீனன் உங்கள் மேசையில் எவ்வளவு நேரம் இருந்தான்?"

"இருக்கவேயில்லை. பாயாசம் போதுமா என்று கேட்க வந்தான். பக்கத்துக் கதிரையில் அரைகுறையாகக் குந்தி ஏதோ பகிடி சொன்னான். ஷென் சிரித்தார். அவன் எழும்பிப் போய்விட்டான்."

"அப்படியென்றால் அந்த ஒரு கணத்தை மட்டும் பார்த்திருக்கிறார்கள். முன்னும் தெரியாது, பின்னும் தெரியாது, சத்தமும் கேட்கவில்லை. கலியாணம் என்றுகூடத் தெரியவில்லை." அவர் மெதுவாகச் சூசைதாசன் பக்கம் திரும்பித் தமிழுக்கு மாறினார். "போன மாசம் கீழ கண்ணாடிக்குள்ள ஆரின்ர படம் தொங்கினது, சூசை?"

அவர் விடமாட்டார் என்று சூசைதாசனுக்குத் தெரியும்.

"அவர் வேண்டாம் எண்டு சொன்னவர்தான், அண்ணை. கமராவை இறக்கினனான். பிரவீனன் வந்து குந்த எல்லாரும் சிரிச்சினம். அந்தச் சிரிப்பை விட மனம் வரேல்ல. எங்கட ஆக்கள் எல்லாரும் முதல்ல வேண்டாம் எண்டுதானே சொல்லுவினம். சோறு போட்டாலும் வேண்டாம், படம் எடுத்தாலும் வேண்டாம். ஒருத்தர் உண்மையாவே வேண்டாம் எண்டு சொல்லுவார் எண்டு நான் நினைக்கேல்ல."

"கண்ணாடிக்குள்ள போட்டது?"

"சீனாக்காரரும் வந்த கலியாணம் எண்டு நாலு பேர் பாக்கட்டும் எண்டு. நவரட்ணம் அண்ணைக்கும் அதில பெரிய புளுகம், சந்தோசம்."

"நானும் ஒவ்வொரு நாளும் பாத்துக்கொண்டுதான் படி ஏறினனான்," என்றார் மரியரட்ணம். "இவர் யன்னல் வழியாப் பாத்துப் பாத்துப் பேசேக்கைதான் அந்த முகம் பிடிபட்டது. பேக்கரிக்கு வந்த ஆரோ அதைப் படமெடுத்துக்கொண்டு போயிருக்கலாம். ஆர் எண்டு நாங்கள் கண்டுபிடிக்க ஏலாது. எப்பிடி எண்டு மட்டும் சொல்லலாம். அதை நீர்தான் சொல்லவேணும்."

சூசைதாசன் சொன்னான். எத்தனையோ பேரின் களவையும் பொய்யையும் இந்த அறையில் ஆங்கிலத்தில் அழகாக விளக்கியவனுக்கு அன்றைக்கு ஒரு வசனம்கூடச் சரியாக வரவில்லை. நன்றியை வாங்கிக்கொண்டு தலையாட்டியதையும் சேர்த்துச் சொன்னான். படம் எடுத்ததைவிட அதுதான் அவனை அதிகம் கூச வைத்தது.

லூ ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருக்கும் என்று சூசைதாசனுக்குத் தோன்றியது.

"சிறையில் என்னிடம் நண்பர்களின் பெயரைக் கேட்டு அடித்தார்கள். நான் சொல்லவில்லை," என்றார் லூ. "இங்கே யாரும் அடிக்கவில்லை. நானே ஒரு பெயரை எழுதி அச்சுக்குக் கொடுத்திருக்கிறேன்." பிறகு தொலைபேசியைக் கேட்டு வாங்கி, அச்சகத்துக்கு அழைத்து, இதழை நிறுத்தச் சொன்னார்.

காவின் அடுக்குமாடி வீட்டுக்கு மூவரும் சூசைதாசனின் வான் வண்டியில் போனார்கள். கதவைத் திறந்த காவ், லூவைக் கண்டதும் ஒதுங்கி நின்றார். அவருடைய முகம் ஒரு கிழமையாக உறங்காத முகம். சப்பாத்தைக் கழற்றுமுன்பே சூசைதாசன் எல்லாவற்றையும் சொல்லி முடித்தான். பிந்தினால் வாய் வராது என்று அவனுக்குப் பயம்.

காவ் சுவரில் சாய்ந்தார். "அப்படியானால் நானில்லையா?"

"நீ இல்லை," என்றார் லூ. அவரால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை. "நான்தான் உன்னை..."

"நீ பேசாமல் விட்ட நாளிலிருந்து நானும் யோசித்துப் பார்த்தேன். ஊருக்கு எடுத்த ஒவ்வொரு அழைப்பையும் நினைத்துப் பார்த்தேன். எங்கேயோ வாய் தவறி ஏதோ சொல்லியிருக்கிறேன் என்றுதான் முடிவுக்கு வந்தேன். வேறு யாராக இருக்க முடியும்? நேற்று ஷென்னின் தாயாரை அழைத்து, உங்கள் மகளைக் காட்டிக்கொடுத்தவன் நான்தான் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டேன்."

"அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டது சூசைதாசன்தான்.

"அழுதார். பிறகு, மன்னித்துவிட்டேன், மகனே, இனி இந்த எண்ணுக்கு எடுக்காதே, அவர்கள் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள் என்றார்."

தானே அழைத்து உண்மையைச் சொல்லலாமா என்பதுபோலச் சூசைதாசன் லூவைப் பார்த்தான். லூ வேண்டாம் என்று தலையை அசைத்தார். திரும்ப அழைக்கவே முடியாது, அழைத்தால் அந்தத் தாய்க்குத்தான் ஆபத்து. தன் மகளின் சிரிப்பைக் கண்ணாடிக்குள் தொங்கவிட்டவன் ஒருவன் இருக்கிறான் என்று அந்த அம்மாவுக்கு ஒருநாளும் தெரியப்போவதில்லை. அவர் மன்னித்தது ஒரு பாவமும் செய்யாத காவை. சூசைதாசனுக்கு மிஞ்சிய மன்னிப்பு ஒன்றுமில்லை.

காவ் எல்லோரையும் உள்ளே வரச்சொன்னார். மற்ற இருவரும் போனார்கள். சூசைதாசன் வாசலிலேயே நின்றான்.