கலிங்கில் விழாத தண்ணீர்

மழை விட்டு வெகுநேரமாகியும் கலிங்கில் தண்ணீர் விழும் சத்தம் வரவில்லை.

"இம்புட்டு மழைக்கும் நம்ம அணை நிரம்பலையா?" தொட்டிலை ஆட்டியபடி கேட்டாள் ஸல்ஹா.

"நிரம்பாம எங்க போவும்? பாத்துட்டு வரேன்" என்று பெல்காசிம் படியேறினான். தரைக்குள் ஆழமாகத் தோண்டிய முற்றமும் அதைச் சுற்றிக் குடைந்த அறைகளுமாக அவன் வீடு, மண்ணணையின் மேற்கு முனைக்கு நேர் கீழே இருந்தது.

மாலை வெளிச்சத்தில் ஆட்டுப்புழுக்கை வாடையோடும் ஈரமண் வாடையோடும் செம்மண் நீர் கரையின் விளிம்புவரை தளும்பி நின்றது. குன்றிலிருந்து இன்னும் இறங்கிக்கொண்டிருந்தது. மிகுநீர் போகக் கரையில் விட்ட வாய்தான் கலிங்கு; அதில் வழிவது கீழ்நிலத்துக்காரருக்கு என்பது அந்தப் பள்ளத்தாக்கின் வழக்கம். வழியத் தொடங்கியதும் மேலே இருப்பவன் "வருது!" என்று கூவ வேண்டும்; கீழே இருப்பவர் "வரட்டும்!" என்று சொல்லி வாங்கிக்கொள்ள வேண்டும். பெல்காசிமுக்குத்தான் பேராசை கண்ணை மறைத்தது. போன வருஷம் கலிங்கின் மேல் கல்லடுக்கி உயர்த்திவிட்டான்.

"ஒரு கல்லையாவது எடுடா, மவனே. அத்திமரம் கருகுது" என்று கீழ்நிலத்து விதவை மப்ரூக்கா வந்து கெஞ்சினாள்.

"என் கரை, என் தண்ணி. மொத்தமும் எனக்கு வேணும், சித்தி" என்று சிரித்தான்.

கோடை முடிவதற்குள் பட்டுப்போன அத்திமரத்தடியில் வாய் பிளந்து செத்துக்கிடந்தாள்.

இப்போது அந்தக் கற்களுக்கு மேல் ஒரு சாண் உயரம் தண்ணீர் நின்றது. ஆனால் ஒரு சொட்டுகூட இந்தப் பக்கம் விழவில்லை. கலிங்கின் வெளிப்பக்கம் காய்ந்து கிடந்தது.

மேற்கு முனைதான் கரையில் தாழ்ந்த இடம். அங்கே உடைந்தால் தண்ணீர் நேரே அவன் வீட்டு முற்றத்துக்குள்தான். மண்டியிட்டு ஒவ்வொரு கல்லாகப் பிடுங்கி எறிந்தான். எல்லாம் வந்துவிட்டது. தண்ணீர் அசையவில்லை.

இடைவெளிக்குள் கையை விட்டான். துணி தட்டுப்பட்டது. காய்ந்த துணி. அதற்கடியில் முதுகெலும்பு.

என்ன செய்வதென்று தெரியாமல், கூவவேண்டியதைக் கூவினான். "சித்தி! வருது!"

"வேண்டாம், மவனே." குரல் அவன் முழங்காலருகே கேட்டது. "மொத்தமும் உனக்குத்தானே."

தண்ணீருக்கு முதுகைக் கொடுத்து, கலிங்கை அடைத்து உட்கார்ந்திருந்தாள். கால்கள் தன் வறண்ட நிலத்தைப் பார்த்து நீண்டிருந்தன.

மேற்கு முனையில் மண் சரிந்தது. முதல் நீர் எட்டிப் பார்த்தது.

ஸல்ஹாவைக் கூப்பிட வாயைத் திறந்தான். நாக்கு அண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. எச்சில் இல்லை. குரல் இல்லை.

மப்ரூக்கா அவன் வீட்டுப் பக்கம் முகத்தைத் திருப்பினாள். பிளந்த வாயிலிருந்து வந்தது அவனுடைய குரல்.

"வருது!"

கீழே தொட்டில் கயிறு நின்றது. ஸல்ஹா சந்தோஷமாகப் பதில் சொன்னாள்.

"வரட்டும்!"