கடைசி ஆளின் விசில்

விசில் ஈரமாக இருந்தது.

பதினோரு மாதமாக அது பீரோவுக்குள், போலீஸ்காரர்கள் கொடுத்த பிளாஸ்டிக் கவரோடு, ஏஞ்சலினின் இரண்டு சுடிதார்களுக்கு அடியில் கிடந்தது. அவள் கணவன் ரகு அந்தக் கவரை ஒருநாளும் பிரித்ததில்லை. இன்று மதியம், பூங்கா வாசலில் வைத்து, அவள் தம்பி சாம்சன்தான் பிரித்தான். ஆரஞ்சு நிற விசில், கறுப்புக் கயிறு. உள்ளங்கையில் வைத்துப் பார்த்தவன், கையைப் பேண்டில் துடைத்துக்கொண்டான்.

"இன்னா மாமா, தண்ணியா கீது?"

"கவருக்குள்ள வேர்த்திருக்கும்."

பாசி வாடை லேசாக அடித்தது. சாம்சன் கயிற்றைத் தலைவழியே மாட்டிக்கொண்டான்.

வாசல் காவலர் சின்னதுரை பதிவேட்டைத் திறந்தார். "உள்ள ரெண்டு பேரு. பதினோரு மாசம் கழிச்சு மொத டூரிஸ்ட்டு நீங்கதான். டிக்கெட்டு கேக்க மாட்டேன், மூஞ்ச அப்படி வெச்சிக்காதீங்க." யாரும் சிரிக்கவில்லை. அவரும் குரலைத் தணித்துக்கொண்டார். "அஞ்சரைக்குள்ள வந்துடு ரகு. மலப்பக்கம் கறுத்துக்கினு கீது."

ஊத்துக்கோட்டைக்கு மேற்கே, மலை தொடங்குகிற இடத்தில், ஆற்றுப் பள்ளத்தாக்கை ஒட்டிப் போகும் அந்த நடைபாதையைத் திட்டமிட்டவன் ரகுதான். எங்கே பலகை நடுவது, எங்கே உட்கார வைப்பது, ஒரு தடவைக்கு எத்தனை பேரை விடுவது, எல்லாம் அவன் எழுதிய அறிக்கை. விசில் முறையும் அவனுடையதே. முன்னால் ஒருவர், கூட்டத்துக்குக் கடைசியில் ஒருவர். வளைந்து வளைந்து போகும் பாதையில் அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்க்க முடியாது. முன்னால் போகிறவர் ஒரு விசில் ஊதினால், எல்லோரும் இருக்கிறார்களா என்று அர்த்தம். கடைசி ஆள் எண்ணிப் பார்த்து இரண்டு ஊதினால், இருக்கிறார்கள். மூன்று ஊதினால், ஒரு ஆளைக் காணோம். முன்னால் போகிறவர் திரும்பி வர வேண்டும்.

கடைசி ஆள் எப்போதும் ஏஞ்சலின்தான். அறிக்கையைத் தட்டச்சு செய்து கொடுத்த இரவு அவள் கேட்டாள். "எல்லாரையும் நான் எண்றேன். என்ன யாரு எண்றது?"

"உன்ன நான் எண்ணிக்கிறேன்," என்றான். அவள் சிரித்து, அவன் தோளில் முகத்தை வைத்து முட்டினாள். அவள் வாய் சரியாக அவன் தோள் உயரத்துக்கு வரும். அவளை எண்ணும் வரியை மட்டும் அவன் அறிக்கையில் சேர்க்கவே இல்லை.

போன நவம்பர், ஒரு சனிக்கிழமை. பத்தொன்பது பேர். அருவியைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது, கீழே ஒரு சொட்டு விழாமல், மேலே மலையில் பெய்த மழை ஆற்றில் இறங்கியது. குதிரை மடு என்ற இடத்தில், கணுக்கால் அளவுத் தண்ணீரில், ரகு முதல் ஆளாக ஆற்றைக் கடந்தான். அரைக் கிலோமீட்டர் தள்ளி, பாதை திரும்பும் பெரிய பாறையருகே நின்று ஒரு விசில் ஊதினான். இரண்டு கேட்டது. 4.05 என்று நோட்டில் எழுதிவிட்டு நடந்தான். வாசலுக்குப் பத்தொன்பது பேரும் வந்து சேர்ந்தார்கள்.

மறுநாள் நாணல் புதரிலிருந்து ஏஞ்சலினின் உடலை எடுத்தபோது அவள் கைக்கடிகாரம் 3.40க்கு நின்றிருந்தது.

செத்தவள் எப்படி விசில் ஊதுவாள் என்று மாமியார் விக்டோரியா கேட்டாள். "கூட வந்தவங்க யாருக்கும் எதுவும் கேக்கல. இவன் ஊதவே இல்ல. ஊட்டுக்கு வந்து நோட்டுல எழுதிக்கினான்." கும்மிடிப்பூண்டியில் அடக்கம் நடந்தபோது அவனைக் கல்லறைத் தோட்டத்துக்குள் விடவில்லை. அதன் பிறகும் விடவில்லை. அடுத்த வாரம் ஞாயிற்றுக்கிழமை கல்லறைத் திருநாள். அவள் தலைமாட்டில் ஒரு மெழுகுவத்தி ஏற்ற வேண்டும். ரகுவுக்கு வேறு எதுவும் வேண்டாம். அதற்காகத்தான் சாம்சன் சொன்ன இந்தப் பரீட்சைக்கு ஒப்புக்கொண்டான். சாம்சன் மடுவில் நிற்பான். ரகு பாறையருகே போய் அதே நேரத்துக்கு ஒன்று ஊதுவான். சாம்சன் இரண்டு ஊதுவான். அது பாறைவரை கேட்டால் அம்மாவிடம் பேசுகிறேன் என்றிருந்தான்.

மடுவரை இருவரும் சேர்ந்து நடந்தார்கள். பதினோரு மாதமாக மனிதக் கால் படாத பாதையில் உண்ணிச்செடி இருபுறமும் நெருங்கி வந்திருந்தது. அவன் நட்ட பலகைகளில் கறையான் ஏறியிருந்தது. மடுவில் தண்ணீர் அசைவில்லாமல், டீக்கடைப் பாய்லர் கழுவிய தண்ணீரின் நிறத்தில் கிடந்தது.

"மில்லுல எட்டு வருசமா இரும்பு சத்தம்," என்றான் சாம்சன். "எனக்கு எடது காது அவ்ளோவா கேக்காது. பலமா ஊது."

ரகு திரும்பி நடந்தான். பாறையருகே வந்து மணியைப் பார்த்துக்கொண்டு நின்றான். வானம் கறுத்து, ஈர மண்ணும் அழுகிய இலையும் கலந்த வாசனை பள்ளத்தாக்கின் அடியிலிருந்து மெல்ல மெல்ல எழுந்து வந்து, அவன் முழங்காலை, இடுப்பை, கழுத்தைத் தொட்டுக்கொண்டு மேலே போவதுபோல் இருந்தது. எங்கோ தவளைகள் விடாமல் கத்தின. 4.05. ஒன்று ஊதினான்.

தவளைச் சத்தம் நின்றது.

இரண்டு. நிதானமாக, நடுவில் ஒரு மூச்சு விட்டு. இரண்டாவதின் முடிவில் சிறு இழுப்பு. அந்த இழுப்பு அவனுக்குத் தெரிந்த இழுப்பு. சாம்சனும் அவள் தம்பிதானே, ஊதும் விதம் ஒன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். நோட்டை எடுத்து எழுதினான். கேட்கிறது. இங்கே வரை கேட்கிறது. பதினோரு மாதத்தில் முதல் தடவையாக அவனுக்கு அழுகை வந்தது.

சாம்சன் வந்து சேரப் பத்து நிமிடம் ஆனது.

"எத்தினி கேட்டுச்சு?"

"ரெண்டு."

"நல்லா யோசிச்சு சொல்லு மாமா."

"ரெண்டு, சாம்சன். தெளிவா."

சாம்சன் பாறையில் சாய்ந்து, தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "உன்னோட ஒரு விசிலு எனக்குக் கேட்டுச்சு. ஆனா நான் ஊதல. வாயிலயே வெக்கல. ஊதாத, அவன் கேட்டுச்சுன்னு சொல்றானா பாருன்னு அம்மா சொல்லி அனுப்புச்சு." முகத்தைத் துடைத்துக்கொண்டான். "நீ பொய் சொல்லமாட்டேன்னு நான் அம்மாகிட்ட சண்ட போட்டுட்டு வந்தேன். அசிங்கமா பூட்ச்சு மாமா. எதுக்கு மாமா இப்படி?"

ரகு நோட்டைத் திறந்து நீட்டினான். சாம்சன் அதைப் பார்க்கவில்லை.

"கல்லறைக்கு வராத," என்றான் சாம்சன். "வந்து பேஜாரு பண்ணாத. அக்கா நிம்மதியா இருக்கட்டும்."

வாசலை நோக்கி நடந்தார்கள். சாம்சன் முன்னால், ரகு பின்னால். வெளிச்சம் வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது. சாம்சனின் சட்டை முதுகு மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. காதில் விழுந்தது அல்ல, மூளையில் விழுந்தது என்று ரகு தனக்குள் சொல்லிக்கொண்டான். அன்றும் அப்படித்தான். ஒரு பைத்தியக்காரன், கேட்காத விசிலை நம்பி, பெண்டாட்டியைத் தண்ணீரில் விட்டுவிட்டுப் போனான்.

பின்னாலிருந்து விசில் கேட்டது.

மூன்று.

ரகு நிற்கவில்லை. இதுவும் மூளையில்தான். நடந்தான். முன்னால் வெளுப்பாகத் தெரிந்த முதுகு நின்றுவிட்டது.

"மாமா." சாம்சன் திரும்பினான். "சின்னதுரையண்ணனா?"

ரகுவின் நெஞ்சில் ஏதோ அவிழ்ந்தது. இவனுக்கும் கேட்டிருக்கிறது. காது மந்தமானவனுக்கே கேட்டிருக்கிறது. நான் பொய் சொல்லவில்லை. அந்தச் சந்தோஷம் ஒரு நொடி இருந்தது. அதற்குப் பிறகுதான் முதுகு குளிர்ந்தது.

"அவரு வாசல்ல. நமக்கு முன்னாடி. இது பின்னாடி."

"மூணுன்னா இன்னா?"

"ஒரு ஆளக் காணோம்."

"யார காணோம்? ரெண்டு பேரும் இங்கதான கீறோம்?"

பதில் ரகுவுக்குத் தெரிந்திருந்தது.

மறுபடியும் மூன்று. பாறைத் திருப்பத்துக்கு இந்தப் பக்கம். கூழாங்கல் ஒன்று உருண்டது. இன்னொன்று. ஓடுகிற காலின் சத்தம் அல்ல. களைத்துப்போன காலின் சத்தம். ஈரத் துணி உண்ணிச்செடியில் உரசும் சத்தம்.

"வா மாமா. ஓடிரலாம்."

"மூணு ஊதினா திரும்பிப் போகணும்," என்றான் ரகு. "நான்தான் எழுதினேன்."

"கிறுக்கா உனக்கு?" சாம்சன் அவன் கையைப் பிடித்தான்.

சத்தம் நின்றது. தவளை இல்லை. காற்று இல்லை. பாசி வாடை மட்டும். மிக அருகில்.

விசில்.

பின்னாலிருந்து அல்ல. இருவருக்கும் நடுவில்.

"நான் இல்ல," என்றான் சாம்சன். இரண்டு கைகளையும் அகல விரித்துக் காட்டினான். "நான் தொடல. மாமா, நான் தொடல."

விசில் அவன் மார்பில் இல்லை. கயிறு அவன் கழுத்திலிருந்து முன்னால் இழுபட்டு, விறைத்து நின்றது. அதன் முனையில் ஆரஞ்சு விசில் காற்றில் இருந்தது. ரகுவின் தோள் உயரத்தில். விசிலுக்குள் இருக்கும் சிறு குண்டு மெல்ல உருண்டது. பிறகு நடுங்கியது.

ஒன்று. இரண்டு. மூன்று. கடைசியில் அந்தச் சிறு இழுப்பு.

அன்று அவள் தன்னைச் சேர்க்காமல் எண்ணியது பத்தொன்பது. இரண்டு ஊதினாள். அவள் எண்ணிக்கையில் பிழையே இல்லை.

ரகு விரலை நீட்டினான். சாம்சனைக் காட்டினான். "ஒண்ணு." தன் நெஞ்சைத் தொட்டான். "ரெண்டு." பிறகு அந்த விரல் நகர்ந்தது. விசிலுக்குப் பின்னால், ஒன்றுமில்லாத இருட்டை நோக்கி. விரல்நுனி குளிர்ந்த ஈரமான எதையோ தொட்டது. அது விலகவில்லை.

"மூணு," என்றான்.

யாரோ மூச்சை உள்ளே இழுத்தார்கள். அடைத்த மூக்கில் தண்ணீர் களகளக்கும் மூச்சு.

விசில் இரண்டு முறை ஊதியது.

சாம்சன் முழங்காலிட்டு விழுந்தான். கயிறு தளரவில்லை, அவன் தலையை மட்டும் நிமிர்த்திப் பிடித்திருந்தது. முன்னே, மரங்களுக்கு அப்பால், வாசல் விளக்கைச் சின்னதுரை போட்டார். விசில் விழவில்லை. ரகுவின் தோள் உயரத்திலேயே நின்றது. அதன் வாயிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர், அவன் காலடியில், ஒவ்வொரு சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. முன்னால் போகிறவன் நடப்பதற்காக அது காத்திருந்தது.