பித்தளைக் கண்

காலையில் கபிலன் அந்தப் பித்தளைக் கண்ணுக்குள் செருகிய விழித்திரைப் படத்தில் எந்தக் குறையும் இருக்கவில்லை. இப்போது அதன் ஓரத்தில், லாட வடிவில், ஒரு சிறு கிழிசல் தெரிந்தது.

சிட்னியின் பிளாக்டவுனில் அவன் நடத்தும் கண் பரிசோதனை நிலையத்திலிருந்து உதவியாளர் போய்விட்டிருந்தாள். குளிர்கால மாலை ஐந்து மணிக்கே கதவுக்கு வெளியே இருட்டிவிட, ஹீட்டரின் முனகலும் சூடேறிய தூசியின் மணமும் அறையை நிறைத்திருந்தன. நாளை மாணவர்களிடம் அவன் டாக்டர் ஹார்லியைப் பற்றிப் பேச வேண்டும். நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் சிட்னியில் கண் மருத்துவம் கற்பித்தவர். கண்மணி கறுப்பாகத் தெரிவது, உள்ளே போகும் வெளிச்சம் பார்ப்பவரிடம் வராமல் வந்த வழியே திரும்பிவிடுவதால்தான். நடுவில் துளையிட்ட ஆடியைப் பிடித்தால், ஆடி வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். துளை வழியே விழித்திரை செக்கச்செவேலென்று தெரியும். மாணவர்கள் பழகுவதற்கு ஹார்லி தம் கண்ணையே காட்டினார். அதில் கிழிசலைக் கண்ட ஒருவன், ஆசானிடம் எப்படிச் சொல்வதென்று பேசாமல் இருந்துவிட்டான். அந்தக் கண் போனது. பிறகுதான் மாணவர்கள் பழக அவர் இந்தப் பித்தளை உருண்டையைச் செய்வித்தார்: முன்னால் ஒரு துளையும் வில்லையும், பின்னால் படத்தைச் செருக ஒரு மூடி. உயிருள்ள கண்மணி வெளிச்சம் பட்டால் சுருங்கும். பித்தளைத் துளை சுருங்காது. பித்தளைக்கு யாரும் மரியாதை பார்க்கவும் தேவையில்லை.

கபிலன் மூடியைத் திறந்து படத்தை வெளியே இழுத்தான். படம் சுத்தமாக இருந்தது.

கதவு மணி ஒலித்தது. சிவனேஸ்வரி அன்ரி. வலது கண் பார்வை போனதிலிருந்து அவருக்குத் தூரம் பிடிபடுவதில்லை. கதிரையைக் கையால் தடவித்தான் உட்கார்ந்தார். மடியில் பலகாரப் பெட்டி. மகள் ஹரிப்பிரியாவின் கலியாணத்துக்கு முந்தின கிழமை, அந்தக் கண்ணில் இதே கிழிசலை அவன் கண்டிருந்தான். அன்றே லேசர் அடித்திருந்தால் கண் தப்பியிருக்கும். கலியாண வீட்டுக்காரியிடம் கெட்ட செய்தி சொல்வதா? முடியட்டும் என்று விட்டான். தாலி கட்டும்போதே அன்ரியின் கண்ணில் இருள் இறங்கியது. எல்லாம் விதி, கபிலன் தம்பி வடிவாக, கவனமாகத்தான் பார்த்தவர் என்று அவர் போகிற இடமெல்லாம் சொல்லி வந்தார்.

"தம்பி, ஒண்டு கேக்கிறன். அண்டைக்கு என்ர கண்ணில ஏதும் தெரிஞ்சதோ?"

ஹீட்டர் நின்றது. அவர் முகத்தைப் பார்க்க முடியாமல், கபிலன் விழித்திரை பார்க்கும் வெளிச்சக் கருவியைத் தன் கண்ணில் வைத்துப் பித்தளைக்குள் பார்த்தான்.

உள்ளே படம் இல்லை. கறுப்பாக இருக்க வேண்டும்.

சிவப்பு.

சிவப்பில் கிழிசல். அதன் கீழே கழன்ற விழித்திரையின் சாம்பல் நிற மடிப்பு. தண்ணீரில் துணிபோல. அசைந்தது.

கையில் பித்தளை சூடாக இருந்தது. ஈரமாக.

"இல்லை அன்ரி. ஒண்டும் தெரியேல்லை."

"நானும் அதைத்தான் எல்லாருக்கும் சொன்னனான்," என்று அன்ரி சிரித்தபடி பலகாரப் பெட்டியை அவன் பக்கம் நகர்த்தினார்.

கருவியின் வெளிச்சத்தில், பித்தளைத் துளை மெல்லச் சுருங்கியது.